நாய்ப் பயிற்சியில் தீனியும் விளையாட்டுப் பொருளும்

வனத்துறைச் சோதனைச் சாவடி ஒன்றில் ஒரு வண்டி நிறுத்தப்படுகிறது. பயிற்சி பெற்ற நாயொன்று அதைச் சுற்றி முகர்ந்து வருகிறது. பின் சக்கரத்தருகே தயங்கி நிற்கிறது. மறுபடியும் முகர்ந்து, அவ்விடத்திலேயே உட்கார்ந்துவிடுகிறது. உடனே அதன் பயிற்சியாளர் தம் பையிலிருந்து ஒரு ரப்பர்ப் பந்தை எடுத்து நாயின் மூக்கிற்கு முன்னால் விழும்படி எறிகிறார். பணியாளர்கள் வண்டியின் அடிப்பலகையைப் பெயர்த்துப் பார்க்கையில் உள்ளே சிறுத்தைத் தோல் கிடைக்கிறது. நாயோ அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. பந்தைக் கவ்விக்கொண்டு துள்ளுகிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி அதற்கு யாதொன்றும் தெரியாது. அது தேடியது தோலை அன்று, பந்தையே. தோலின் வாடை இருக்கும் இடத்தில் பந்து கிடைக்கும் என்பதே அது கற்ற பாடம்.

இத்தகைய நாய்களை வனவிலங்குக் குற்றங்களைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தும் திட்டத்தை ட்ராஃபிக் என்னும் அமைப்பும் உலக இயற்கை நிதியத்தின் இந்தியக் கிளையும் சேர்ந்து 2008இல் நம் நாட்டில் தொடங்கின. குவாலியருக்கு அருகிலுள்ள டேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படை நடத்தும் தேசிய நாய்ப் பயிற்சி மையம் முதலிய இடங்களில், நாயும் அதனோடு பணிபுரியவிருக்கும் இரு பணியாளரும் பல மாதங்கள் சேர்ந்து பயில்கின்றனர். புலி, சிறுத்தை ஆகியவற்றின் தோலும் எலும்பும், யானைத் தந்தம், கரடியின் பித்தம் போன்றவற்றின் வாடையை நாய் அறிந்துகொள்கிறது. இவ்வளவு நுட்பமான கல்வியை அடியினாலோ அதட்டலினாலோ புகட்ட இயலாது. ஒரு பந்தும் சில துண்டு இறைச்சியும் இதை எவ்வாறு சாதிக்கின்றன என்பதை அறிவது வனப் பணியாளர், கால்நடைத் துறையினர், ஆசிரியர் ஆகிய அனைவர்க்கும் பயனுள்ளதாகும். வீட்டு வாயிலில் கட்டப்பட்டிருக்கும் நாட்டு நாய்க்கும் காசிரங்காக் காட்டில் வேலை செய்யும் பெல்ஜியன் மாலினுவா நாய்க்கும் கற்கும் விதி ஒன்றேயாம்.

வெகுமதி என்பது யாது?

1898இல் அமெரிக்க உளவியல் அறிஞர் எட்வர்டு தார்ண்டைக் பசித்த பூனைகளை மரச்சட்டக் கூண்டுகளில் அடைத்து, வெளியே மீனை வைத்தார். கூண்டிலுள்ள கயிற்று வளையத்தை இழுத்தால் கதவு திறந்துகொள்ளும். பூனை முதலில் கீறியும் கடித்தும் தற்செயலாகவே வளையத்தை இழுத்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் அது எடுத்துக்கொண்ட நேரம் குறைந்துகொண்டே வந்தது. இனிய விளைவைத் தரும் செயல் நிலைபெறும், இன்னாத விளைவைத் தரும் செயல் நலியும் என்று அவர் இதிலிருந்து முடிவு செய்தார். ஏறத்தாழ அதே காலத்தில் ருஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவ், உணவுக்கு முன்னறிகுறியாக வரும் ஒலியே நாயின் வாயில் உமிழ்நீரைச் சுரக்கச் செய்கிறது என்பதைக் காட்டினார். இவ்விரு கருத்துக்களின்மீதும் கட்டடம் எழுப்பியவர் ஸ்கின்னர். 1938இல் வெளியான அவரது நூல் ஆய்வுக்கூடத்தாருக்கு உரியது. 1951இல் அவர் பொதுமக்களுக்காக எழுதிய கட்டுரையோ, ‘டிக்’ என ஒலிக்கும் ஒரு சிறு விளையாட்டுக் கருவியையும் உணவுத் துண்டுகளையும் கொண்டு நாய்க்கு எவரும் பாடம் கற்பிக்கலாம் என்பதை எளிதாக விளக்கியது. இன்றைய பயிற்சி முறையின் சாரம் பெரும்பாலும் அக்கட்டுரையிலேயே அடங்கியுள்ளது எனலாம்.

இவ்வாராய்ச்சிகளிலிருந்து வெகுமதிக்கு ஓர் இலக்கணம் கிடைக்கிறது. ஒரு செயலுக்குப் பின் வந்து, அச்செயலை அடிக்கடி நிகழச் செய்வது எதுவோ, அதுவே வெகுமதி. கொடுப்பவரின் மனத்தில் அது வெகுமதியாக இருப்பது போதாது. நாய் உட்கார்ந்ததும் அதன் உச்சந்தலையில் ‘சபாஷ்’ என்று ஓங்கித் தட்டுவோர் பலர். அப்போது நாயைக் கூர்ந்து நோக்கினால் அது தலையைத் தாழ்த்திக்கொண்டு சற்று விலகுவது தெரியும். அந்நாய்க்கு அது வெகுமதியன்று. பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒரு தொந்தரவு. எது வெகுமதி என்பதைத் தீர்மானிக்கும் உரிமை நாய்க்கே உண்டு.

உணவு பெரிதா, அன்பு பெரிதா என்ற வினா ஆராய்ச்சியாளரையும் விட்டபாடில்லை. 2012இல் அமெரிக்காவில் ஃபாயர்பாக்கரும் வின்னும் செய்த சோதனைகளில், சிறிது நேரம் தடவிக்கொடுத்துப் புகழ்வதைவிட உணவுத் துண்டே பெரும்பாலான நாய்களை வேலை செய்யத் தூண்டியது. ஆயின் 2017இல் கொல்கத்தாவிலுள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழுவினர் வெளியிட்ட ஆய்வு வேறொரு பக்கத்தைக் காட்டிற்று. நம் நாட்டுத் தெருநாய்களிடம் அறிமுகமற்ற ஒருவர் பலமுறை சென்று பழகியபோது, கூடுதலாக உணவு பெற்ற நாய்களைவிடத் தடவிக்கொடுக்கப்பட்ட நாய்களே அவரை மிகுதியாக நம்பலாயின. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. ஒரு குறிப்பிட்ட செயலைத் திரும்பத் திரும்பச் செய்விப்பது ஒன்று. ஒருவரை நம்பி அணுகுவது மற்றொன்று. முன்னதற்கு உணவு வலியது; பின்னதற்கு, அதிலும் மனிதரிடம் அடியும் கல்லெறியும் பெற்றே வளர்ந்த நாய்க்கு, அன்பான கை அரியதொரு பொருள்.

நொடிப் பொழுதின் கணக்கு

பயிற்சியில் தவறுவோர் பெரும்பாலும் தவறுவது நேரத்தில்தான். ‘உட்கார்’ என்றதும் நாய் உட்காருகிறது. பயிற்சியாளர் மகிழ்ந்து, சட்டைப் பையில் கைவிட்டுத் துழாவி, காகிதப் பொட்டலத்தைப் பிரித்துத் துண்டை எடுக்கிறார். இதற்குள் பொட்டலத்தின் சரசரப்பைக் கேட்ட நாய் எழுந்துவிடுகிறது. துண்டு அதன் வாயில் விழுகிறது. இங்கு வெகுமதி பெற்ற செயல் எழுந்ததே. பத்து முறை இவ்வாறு நிகழ்ந்தால், உட்கார்ந்தவுடன் எழும் நாய் ஒன்று உருவாகிவிடும். பின்னர் ‘இது முரட்டு நாய், சொன்னால் கேட்பதில்லை’ என்று பழிசுமத்துவர். நாய் தனக்குக் கற்பிக்கப்பட்டதைப் பிழையின்றிக் கற்றிருக்கிறது என்பதே உண்மை.

ஒரு நொடிக்குள் வெகுமதி சேராவிடின் எச்செயலுக்காக அது வந்தது என்பது நாய்க்கு மங்கத் தொடங்குகிறது. இருபது அடிக்கு அப்பால் நிற்கும் நாயின் வாயில் ஒரு நொடிக்குள் தீனியை இடுதல் இயலாதன்றோ? இதற்காகவே அடையாள ஒலி பயன்படுகிறது. முதலில் நாயிடம் எதையும் எதிர்பாராமல், ஒலியை எழுப்பி உடனே ஒரு துண்டு தருதல் வேண்டும். இருபது முப்பது முறை இவ்வாறு செய்தபின், ஒலி கேட்டதும் நாய் ஆவலுடன் திரும்பிப் பார்க்கும். அதுமுதல் அவ்வொலி ‘நீ இப்போது செய்ததற்குக் கூலி வந்துகொண்டிருக்கிறது’ என்னும் உறுதிச்சீட்டு ஆகிவிடுகிறது. 1990களில் ஷுல்ட்ஸ் முதலிய ஆராய்ச்சியாளர் குரங்குகளின் மூளையில் இதையொத்த நிகழ்ச்சியைக் கண்டனர். டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் முதலில் சாறு நாவில் பட்டதும் கிளர்ச்சியுற்றன. பழகியபின், சாறு வரப்போவதை அறிவிக்கும் குறி தோன்றியதுமே கிளர்ச்சியுற்றன.

அடையாள ஒலிக்கென்று ‘கிளிக்கர்’ என்னும் சிறு கருவி விற்கப்படுகிறது. அது இல்லையே என்று எவரும் வருந்த வேண்டுவதில்லை. இத்தாலியில் 51 நாய்களைக் கொண்டு செய்து 2016இல் வெளியிடப்பட்ட ஆய்வில், கருவியின் ஒலியால் பயின்ற நாய்களுக்கும் ஒரு சொல்லால் பயின்ற நாய்களுக்கும் கற்றலில் வேறுபாடு காணப்படவில்லை. ‘சரி’ என்ற சொல்லே போதும். அச்சொல் குறுகியதாகவும், எப்போதும் ஒரே தொனியில் ஒலிப்பதாகவும், வேறு பேச்சில் அந்நாயின் காதில் அடிக்கடி விழாததாகவும் இருத்தல் நன்று. கட்டளைச் சொல்லுக்கும் இது பொருந்தும். தந்தை ‘உட்கார்’ என்றும், மகன் ‘உட்காருடா’ என்றும், பாட்டி ‘சும்மா கிட’ என்றும் சொல்லும் வீட்டில் நாய் மூன்று மொழிகளைக் கற்க வேண்டியிருக்கிறது.

தீனியின் இயல்பு

தீனித் துண்டு பட்டாணி அளவினதாக, மென்மையாக, மெல்லாமல் விழுங்கத்தக்கதாக இருக்க வேண்டும். கடினமான பிஸ்கோத்தை நாய் கடித்து நொறுக்கி, தரையில் சிந்திய தூளை நக்கி முடிப்பதற்குள் பாடத்தை மறந்துவிடும். உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழி இறைச்சி, ஈரல், முட்டை, பனீர், சிலவகை நாய்களுக்குக் காரட்டுத் துண்டுகூட ஏற்றவை. வீட்டில் மீந்த குழம்பிறைச்சியைத் தருவது தவறு. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்க வல்லவை. திராட்சையும் உலர் திராட்சையும் சிறுநீரகத்துக்கும், சாக்லேட்டு இதயத்துக்கும் நரம்புகளுக்கும் கேடு செய்யும். சர்க்கரையற்ற மெல்லும் மிட்டாய்களில் சேர்க்கப்படும் சைலிட்டால் என்னும் இனிப்பு, சிறிதளவே உட்சென்றாலும் நாயின் இரத்தச் சர்க்கரையை அபாயகரமாகத் தாழ்த்திவிடும். வெந்த எலும்பு பிளந்து குடலைக் குத்தும். அதைத் தீனியென்று கருதலாகாது.

ஒரு நாளைய உணவின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தீனியாகச் செல்லலாகாது என்பது கால்நடை மருத்துவர் பொதுவாகக் கூறும் வரம்பு. அரை கிராம் நிறையுள்ள 50 துண்டுகள் சேர்ந்தால் 25 கிராமே ஆகும்; ஒரு வேளைப் பயிற்சிக்கு அது தாராளமாகப் போதும். பயிற்சி நாளில் வழக்கமான உணவை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் நாயைப் பட்டினி போட்டுப் பயிற்றுவது மதியீனம். பசியால் துடிக்கும் நாய் கையையே பார்த்துக்கொண்டிருக்கும், பாடத்தைப் பாராது.

தீனி காட்டி அழைப்பதற்கும் தீனியை வெகுமதியாகத் தருவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் உணர்வதில்லை. துண்டை மூக்கின் முன் பிடித்து மெல்ல உயர்த்தினால் நாயின் தலை மேலெழும். பின்புறம் தாழ்ந்து உட்காரும். தொடக்கத்தில் இது நல்ல உபாயமே. ஆனால் ஐந்தாறு முறைக்குப் பின்னர், கையை வெறுமையாக வைத்துக்கொண்டு அதே சைகையைச் செய்து, நாய் உட்கார்ந்தபின் மற்றொரு கையிலிருந்தோ பையிலிருந்தோ துண்டைத் தருதல் வேண்டும். இவ்வாறு மாற்றாதவர்களே ‘தின்ன ஏதாவது கண்ணில் பட்டால்தான் இந்த நாய் கீழ்ப்படியும்’ என்று முறையிடுகின்றனர். செயலுக்கு முன் காட்டுவது கைக்கூலி. செயலுக்குப் பின் தருவது ஊதியம்.

புதிய செயலைக் கற்பிக்கும்போது ஒவ்வொரு சரியான முயற்சிக்கும் வெகுமதி தேவை. நன்கு பதிந்தபின் சிலவற்றுக்கு மட்டும், அதுவும் முன்கூட்டி ஊகிக்க இயலாத வகையில் தரலாம். இவ்வாறு பழகிய செயல் வெகுமதி நின்றபின்னும் நெடுங்காலம் நீடிக்கும். இவ்விதி தீய பழக்கத்துக்கும் சற்றும் குறையாமல் பொருந்துகிறது. வாயிலில் குரைக்கும் நாயைக் கவனியுங்கள். தபால்காரர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். அவர் வேலை முடிந்து போகிறார் என்பதை நாய் அறியாது. தான் குரைத்ததால் ஓடினார் என்றே அதன் அனுபவம் கூறுகிறது. ஒவ்வொரு முறையும் தவறாமல் கிடைக்கும் வெகுமதி இது. இதை வென்று, தபால்காரர் வரும்போது பாய்க்குச் சென்று படுக்கும்படி பழக்க வேண்டுமாயின், அதற்குத் தரப்படும் தீனி மிகச் சிறந்ததாக இருக்க வேண்டும் என்பது தெளிவு.

விளையாட்டுப் பொருள்

பந்து, முடிச்சிட்ட துணி, இழுத்து விளையாடும் கயிறு ஆகியவை நாயின் வேட்டையுணர்ச்சியைத் தொடுபவை. துரத்தல், கவ்வல், உலுக்கல் ஆகிய செயல்களே நாய்க்கு இன்பம். பந்து அவற்றுக்கு ஒரு கருவி. ஆதலின் கீழே கிடக்கும் பந்து வெகுமதியாகாது; உயிருள்ளதுபோல் ஓடும் பந்தே வெகுமதி.

தீனி நாயை அமைதிப்படுத்தும். ஒரு நொடியில் முடியும். நிமிடத்துக்குப் பலமுறை தரலாம். எனவே உட்காருதல், படுத்தல், அசையாதிருத்தல், மருத்துவர் காதையோ பாதத்தையோ பரிசோதிக்கும்போது பொறுத்திருத்தல் போன்ற நுட்பமான, அடக்கமான பாடங்களுக்குத் தீனியே தக்கது. தடுப்பூசி போடுமுன்னரே ஊசியில்லாத குழலால் தோலைத் தொட்டுத் தொட்டுத் தீனி தந்து பழக்கினால், ஊசி நாளன்று நான்கு பேர் சேர்ந்து நாயை அமுக்கவேண்டிய நிலை பெரும்பாலும் நேராது. விளையாட்டுப் பொருளோ நாயைக் கிளர்ச்சியுறச் செய்யும். ஒரு விளையாட்டுக்கு அரை நிமிடமாவது தேவை. தொலைவில் ஓடுதல், விரைந்து திரும்பி வருதல், களைப்பைப் பொருட்படுத்தாமல் தேடுதல் ஆகியவற்றுக்கு அதுவே சிறந்தது. பந்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நாய்களும் உண்டு. அவற்றைக் குறைகூறிப் பயனில்லை.

பொருளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. பந்து, நாயின் கடைவாய்ப் பற்களைத் தாண்டி உள்ளே நழுவாத அளவு பெரியதாக இருக்க வேண்டும். தொண்டையில் சிக்கிய பந்து சில நிமிடங்களில் உயிரைப் போக்கிவிடும். கிரிக்கெட்டுப் பந்து பல்லை உடைக்கும். தேங்காய் நார்க் கயிறு பிரிந்து வயிற்றுக்குள் செல்லும். பழைய வேட்டியை இறுக முறுக்கி இரு முனையிலும் முடிச்சிட்டால் இழுப்பதற்கு ஏற்ற பொருள் செலவின்றிக் கிடைக்கிறது. அது கிழியத் தொடங்கியதும் எறிந்துவிடுக.

பந்தை வாங்கிய நாய் அதை விடமறுத்து ஓடுவது பொதுவான இடையூறு. துரத்தினால் துரத்துவதே விளையாட்டாகிவிடும். வாயைப் பிளந்து பிடுங்கினால் அடுத்த முறை இன்னும் தொலைவில் ஓடும். ஒரேமாதிரியான இரண்டு பந்துகளை வைத்துக்கொண்டு, நாய் ஒன்றைக் கவ்வியிருக்கையில் மற்றொன்றை ஆட்டிக் காட்டினால், அது தானே வாயிலிருப்பதைக் கீழே போடும். போடும் அந்நொடியில் ‘விடு’ எனச் சொல்லி இரண்டாம் பந்தை எறிக. சில நாட்களில் சொல் மட்டும் போதுமானதாகும். விட்டால் விளையாட்டு முடிவதில்லை, தொடர்கிறது என்பதை நாய் கண்டுகொள்வதே இதன் இரகசியம். விளையாட்டுக்குப் பின்னர் பந்து பயிற்சியாளரின் பைக்கே திரும்ப வேண்டும். நாள் முழுதும் கூண்டில் உருண்டுகொண்டிருக்கும் பந்துக்கு நாயின் கண்ணில் மதிப்பிராது.

வாடை தேடும் நாயின் பாடம்

கண்டுபிடிப்பு வேலைக்கு நாயைத் தெரிந்தெடுப்போர் முதலில் பார்ப்பது மூக்கையன்று, பந்தின்மேலுள்ள ஆசையையே. உயர்ந்த புல்லில் எறிந்த பந்தைப் பல நிமிடங்கள் சலியாமல் தேடும் நாயே காட்டில் நாள் முழுதும் தேடும். அடுத்து, ஒத்த தோற்றமுள்ள சில பெட்டிகளில் ஒன்றில் மட்டும் வாடைப்பொருளை வைத்து, நாய் அதை முகர்ந்த நொடியிலேயே அடையாள ஒலி எழுப்பிப் பந்தை அளிக்கின்றனர். பின்னர் முகர்ந்தபின் உட்கார்ந்தால்தான் பந்து என்று பாடத்தை உயர்த்துகின்றனர். பந்து பயிற்சியாளரின் கையிலிருந்து வருவதைவிட, வாடையிருக்கும் இடத்திலேயே வந்து விழுவது நல்லது. இல்லாவிடின் நாய் வாடையை விட்டுப் பயிற்சியாளரின் முகத்தைப் பார்க்கப் பழகிவிடும்.

இங்கே ஒரு பெரிய பொறி உள்ளது. புலித்தோல் துண்டை ஒவ்வொரு முறையும் ரப்பர்க் கையுறை அணிந்து, ஒரே பாலித்தீன் உறையில் இட்டு, பெட்டியில் வைத்தார்களென்று கொள்வோம். நாய் எதைக் கற்கும்? தோலையும் கற்கலாம், உறையையும் கற்கலாம், கையுறையையும், ஏன், வைத்தவரின் கைவாடையையும் கற்கலாம். எல்லாவற்றிற்கும் பந்து கிடைத்ததல்லவா! ஆகவே தோலில்லாத வெற்று உறை, புதிய கையுறை, ஆட்டுத்தோல், உணவுப் பொருள் ஆகியவற்றை மற்றப் பெட்டிகளில் வைத்து, அவற்றில் உட்காருவதற்கு வெகுமதியின்மை ஒன்றையே விடையாக அளித்துச் சோதித்தல் இன்றியமையாதது.

இதனினும் நுட்பமான பிழை பயிற்சியாளரின் மனத்தில் பிறப்பது. நூறாண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் ஹான்ஸ் என்னும் குதிரை கணக்குப் போடுவதாகப் புகழ்பெற்றிருந்தது. 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் ஆராய்ந்தபோது, கேள்வி கேட்பவரின் உடல், சரியான எண் வந்ததும் தம்மையறியாமல் சிறிது அசைவதையே குதிரை கண்டு குளம்பு தட்டுவதை நிறுத்தியது என்று தெரியவந்தது. நாய்களிலும் இது நிகழ்வதை 2011இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு மெய்ப்பித்தது. 18 நாய்களும் அவற்றின் பயிற்சியாளர்களும் சில அறைகளைச் சோதித்தனர். எந்த அறையிலும் வாடைப்பொருள் இல்லை. ஆயினும் சில இடங்களில் உண்டு என்று பயிற்சியாளர் நம்பும்படி செய்யப்பட்டிருந்தது. பெரும்பாலான சோதனைகளில் நாய் கண்டுபிடித்துவிட்டதாக அறிவிப்பு வந்தது! இப்பிழையின் விலை எளிதன்று. குற்றமற்ற ஒருவரின் வீடு குடையப்படும். அதேபோழ்து உண்மைச் சரக்கு மற்றொரு வண்டியில் தப்பிச் செல்லும். நாயின் சான்றை நம்பாத நிலைமையும் உருவாகும். எனவே பொருள் மறைந்துள்ள இடத்தைப் பயிற்சியாளரும் அறியாதிருக்கும்படி வாரத்தில் சில பயிற்சிகளையேனும் நடத்த வேண்டும்.

உண்மையான சோதனையின்போது நாய் உட்கார்ந்துவிட்டால் பந்தைத் தரலாமா? உள்ளே இருப்பது என்னவென்று இன்னும் தெரியாது. தவறான அறிகுறிக்குப் பந்து கொடுத்தால் தவறு வலுப்படும். சரியான அறிகுறிக்குக் கொடாவிட்டால் ஒரு நல்ல செயல் கூலியின்றிப் போகும். அனுபவம் வாய்ந்தோர் இரண்டாவதையே சிறு தீமையாகக் கொள்கின்றனர். நாயை அமைதியாக விலக்கிவந்து, அருகிலேயே தாங்கள் அறிந்த மாதிரி ஒன்றை வைத்து அதைக் கண்டுபிடிக்கச் செய்து பந்தை அளிக்கின்றனர். பலமணி நேரம் தேடியும் ஒன்றும் கிடைக்காத நாளிலும் இவ்வாறே செய்தல் நலம். கள்ளச் சரக்கு தினந்தோறும் வருவதில்லை. பந்தோ அடிக்கடி வந்தாக வேண்டும்.

நம் நாட்டு வெயிலையும் மறத்தலாகாது. நாய் உடற்சூட்டைப் பெரும்பாலும் மூச்சிரைப்பினாலேயே தணித்துக்கொள்கிறது. இரைக்கும் நாயால் நன்றாக முகர இயலாது. பந்தின் வேகத்தில் அது தன் களைப்பையும் உணராது. நிறுத்த வேண்டியவர் பயிற்சியாளரே. விடியற்காலையும் மாலையும் பயிற்சிக்கு உகந்தவை. பாடத்தை நீட்டுவதாலும் நன்மையில்லை. 2008இல் டென்மார்க்கில் வெளியிடப்பட்ட ஆய்வில், வாரம் ஒருமுறை பயின்ற பீகிள் நாய்கள், வாரம் ஐந்து முறை பயின்றவற்றைவிடக் குறைந்த எண்ணிக்கையிலான பாடங்களிலேயே கற்றுக்கொண்டன.

தண்டனையைக் குறித்து

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியப் போலீஸ் நாய்களுக்கு வகுக்கப்பட்ட முறைகளில் முள் கழுத்துப்பட்டையும் கட்டாயமும் பெரிதும் இடம்பெற்றன. அம்முறையினாலும் நாய்கள் கற்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கான விலையை இப்போது அளந்தறிய முடிகிறது. போர்ச்சுகலில் 92 வளர்ப்பு நாய்களை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட முடிவின்படி, அதட்டலும் இழுப்பும் மிகுந்த பயிற்சிப் பள்ளிகளின் நாய்கள் பயிற்சியின்போது அச்சத்தின் அறிகுறிகளை மிகுதியாகக் காட்டின. பயிற்சிக்குப் பின் அவற்றின் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்னும் சுரப்புநீர் அதிகமாக உயர்ந்திருந்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் 63 நாய்களைக் கொண்டு வெளியான மற்றோர் ஆய்வில், மின்னதிர்ச்சிப் பட்டை அணிவித்துப் பயிற்றியதால் வெகுமதி முறையைவிட நற்பயன் எதுவும் விளையவில்லை.

அடிபடும் நாய் உறுமுவதை நிறுத்திவிடும், அச்சம் நிற்காது. உறுமல் என்பது எச்சரிக்கை. எச்சரிக்கையைப் பறிகொடுத்த நாய் முன்னறிவிப்பின்றிக் கடிக்கும். கடிபடுவது பெரும்பாலும் அவ்வீட்டுக் குழந்தையே. அன்றியும் பிராணிகளை அடித்தல், உதைத்தல், நியாயமற்ற அளவு குறுகிய அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைத்தல் ஆகியவை 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றங்களாகும்.

இதனால் நாயை அதன் போக்கில் விட்டுவிடுவதே வெகுமதி முறை என்று பொருள்படாது. மேலே பாய்ந்து வரவேற்கும் நாயைத் தள்ளுவதும் திட்டுவதும்கூட அதற்குக் கவனமாகிய கூலியே. முகத்தைத் திருப்பிக்கொண்டு அசையாமல் நின்று, நான்கு கால்களும் தரையில் பட்ட நொடியில் தீனி தருக. முதல் சில நாட்களில் பாய்ச்சல் அதிகமாகும். கூலி நின்றுபோன பழக்கம் அணையுமுன் சுடர்விடுவது இயல்பு. அவ்வேளையில் வீட்டார் ஒருவர் மனமிளகிக் கொஞ்சிவிட்டால் முன்னிலும் கெட்டியான பழக்கம் ஒன்று ஏற்பட்டுவிடும்.

வகுப்பறையில்

ஆசிரியர்கள் இப்பாடத்தை நாயில்லாமலே நடத்தலாம்; தெருநாயைப் பள்ளிக்குள் கொண்டுவருதல் கூடவே கூடாது. டால்ஃபின்களைப் பழக்கிய காரென் பிரையர் 1984இல் வெளியான தம் நூலில் விவரித்துள்ள ஒரு விளையாட்டு இதற்கு மிகவும் ஏற்றது. ஒரு மாணவனை வெளியே அனுப்பிவிட்டு, அவன் செய்ய வேண்டிய ஒரு செயலை வகுப்பு முடிவு செய்கிறது. சுண்ணக்கட்டியை எடுத்துச் சன்னலில் வைத்தல் என்று கொள்வோம். அவன் உள்ளே வந்து நடமாடத் தொடங்குகிறான். மேசைப் பக்கம் திரும்பியதும் ஆசிரியர் ஒருமுறை கைதட்டுகிறார். நெருங்கினால் மற்றொரு தட்டல், விலகினால் மௌனம். பேச்சு கிடையாது. சில நிமிடங்களில் அவன் சுண்ணக்கட்டியைச் சன்னலில் வைத்துவிடுவான். பின்னர் வேறொரு மாணவனுக்கு, தவறு செய்யும்போது மட்டும் ‘இல்லை’ என்று சொல்லி இதே விளையாட்டை நடத்துக. அவன் சிறிது தூரம் நடந்து, பலமுறை ‘இல்லை’ கேட்டபின், ஒரு மூலையில் அசையாமல் நின்றுவிடுவதை வகுப்பு முழுதும் காணும். அப்போது அவன் மனநிலை எவ்வாறிருந்தது என்று அவனையே கேட்கலாம். பருவமடைந்த மாணவன் நாணக்கூடுமாதலின், விருப்பமுள்ளவனையே அழைத்தல் முறை.

இதே வகுப்பில் வெறிநாய்க்கடியைப் பற்றியும் கூறிவிடுவது கடமை. உண்ணும் நாயையும், குட்டிகளோடிருக்கும் நாயையும், அறிமுகமற்ற நாயையும் தொடலாகாது. கடியோ கீறலோ நேர்ந்தால், ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் காயத்தைக் கழுவி, மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு முதலிய எதையும் அப்பாமல், அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். நாய் வளர்ப்பு நாயாயினும் இதில் மாற்றமில்லை.

பயிற்சிக் குறிப்பேடு

பணிநாய் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பேடு இருத்தல் அவசியம். தேதி, நேரம், இடம், வெயிலும் காற்றும், கற்பித்த செயல், முயற்சிகளின் எண்ணிக்கை, அவற்றுள் சரியானவை, தந்த வெகுமதி ஆகியவற்றை அன்றன்றே எழுதுக. பத்து முயற்சிகளில் எட்டு சரியாக வந்தால் மறுநாள் பாடத்தை ஒரு படி கடினமாக்கலாம்; ஐந்துக்குக் குறைந்தால் நாயைக் கடிந்துகொள்ளாமல் ஒரு படி எளிதாக்குக. தவறான அறிகுறிகளை மறைக்காமல் எழுதுதல் மிக முக்கியம். எந்தப் பொருளில், எந்த நேரத்தில், யார் உடனிருக்கையில் அவை நேர்ந்தன என்பதிலிருந்தே காரணம் புலப்படும். பணியாளர் மாற்றலாகிச் செல்லும்போது நாயோடு இக்குறிப்பேட்டையும், அது விரும்பும் பந்தையும், அதன் கட்டளைச் சொற்களின் பட்டியலையும் புதியவரிடம் ஒப்படைக்க வேண்டும். முதல் சில நாட்கள் புதியவர் நாய்க்குக் கட்டளை எதுவும் இடாமல், உணவளித்தும் அந்தப் பந்தால் விளையாடியும் பழகுவதே முறை.